ஒற்றைப் பீப்பாய்

கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை முதல் தடவையாக வீட்டுக்கு வந்திருக்கிறார். வந்த அன்றே அவர் மானத்தை வாங்க வேண்டுமா? மாமியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆரம்பித்து வைத்தவர் மாமனாரின் சகலை. மாப்பிள்ளை ஆசையாகக் கொண்டுவந்த விஸ்கி பாட்டிலை வாங்கிப் பார்த்து, மூடியையும் பாட்டில் கழுத்தையும் சேர்த்து ஒட்டியிருந்த தள்ளுபடி ஸ்டிக்கரை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். மாப்பிள்ளையின் முகம் தொங்கிப்போனது.

"சகலை, உங்க ஸ்காட்ச்சையும் எடுங்க. ரெண்டையும் உள்ளே வெச்சு ஊத்திட்டு வாங்க. எது எதுன்னு நான் மோந்தே சொல்லிடறேன்" என்றார் மாமனாரிடம்.

மாமனாரின் ஸ்காட்ச் லேசுப்பட்டதல்ல. ஒரு சின்னக் கம்பெனி ஒரே ஒரு பீப்பாயை விலைக்கு வாங்கி, வேறெதையும் கலக்காமல், தண்ணீர்கூடச் சேர்க்காமல் பாட்டிலில் அடைத்த சரக்கு. அந்தப் பீப்பாய் தீர்ந்தால் தீர்ந்ததுதான். பீரோவில் வைத்துப் பூட்டி, நல்ல நாளில் ஒரு மூடி அளந்து குடிப்பார். இன்னும் பாதிதான் மிச்சம். சொந்தத் தம்பிக்கே மோந்து பார்க்கத்தான் கொடுத்தார்.

அப்பேர்ப்பட்டவர் உடனே தலையாட்டினார். மாமியார் அவரைச் சமையலறையில் மடக்கினாள்.

"என்னங்க, புள்ள பாவம். உங்க பெருமையைக் காட்ட இன்னைக்குத்தானா கிடைச்சுது?"

"நீ போய் உட்காரு" என்று அவளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆளுக்கு இரண்டு கிளாஸ் வந்தது. சகலை கண்ணை மூடி, மூக்கை நுழைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, வாயில் உருட்டினார்.

"இடது கிளாஸ், அடடா, தேன், உலர்ந்த திராட்சை, லேசாப் புகை. பீப்பாயே பேசுது. வலது கிளாஸ்ல நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசம். இது தள்ளுபடிதான், சந்தேகமே இல்லை."

மகள் தரையைப் பார்த்தாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் மாமனார்.

"யோசிக்க என்ன இருக்கு? சத்தியமா இடதுதான் உசத்தி."

"அது மாப்பிள்ளை வாங்கிட்டு வந்தது."

வீடே சிரித்தது. சகலையும் அசடு வழியச் சிரித்தபடி இடது கிளாஸைக் கடைசிச் சொட்டுவரை காலி செய்தார். மாப்பிள்ளை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தக் கடைக்கு வழி சொல்ல ஆரம்பித்தார்.

மாமியார் மனசு குளிர்ந்துபோய், காலி கிளாஸ்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். மேடையில் ஸ்காட்ச் பாட்டில் சொட்டு மிச்சமில்லாமல் நின்றது. பக்கத்தில் மாப்பிள்ளையின் பாட்டில்.

மூடியின் மேல் அந்தத் தள்ளுபடி ஸ்டிக்கர் கிழியாமல் அப்படியே இருந்தது.