ஒரு சொட்டுகூட

“உலகத்துல நடந்த அத்தனை சண்டைக்கும் காரணம் என்ன தெரியுமா? பேனாவுல மை நிரப்பத் தெரியாதவன் எல்லாம் சமாதான ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டதுதான்” என்றார் வக்கீல். அவர் சிரிக்கவில்லை. எனவே எதிரே உட்கார்ந்திருந்த பல் டாக்டரும் சிரிக்கவில்லை.

பெண் கேட்டு வந்த இடத்தில் சிரித்து வைப்பது புத்திசாலித்தனம் இல்லை.

வரவேற்பறை அழகாகவே இருந்தது. சோபா அடர்நீலம், திரைச்சீலை அடர்நீலம், தரைவிரிப்பு அடர்நீலம். வக்கீலின் சட்டையும், பேனாவைத் தொடுவதற்கென்றே அவர் மாட்டியிருந்த கையுறையும் அதே நீலம். சோபா மூலையில் பூனை ஒன்று படுத்திருந்தது. கண்ணைத் திறந்தபோதுதான் அது பூனை என்றே தெரிந்தது. ரசனையான குடும்பம் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

“நீலச் சட்டை போட்டுட்டு வாங்கன்னு எத்தனை தடவை தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்!” என்று வக்கீலின் மகள் அவர் காதைக் கடித்தாள்.

டாக்டர் தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். “உங்கப்பாவுக்கு நீலம்தான் பிடிக்கும்னா, கல்யாணத்துக்கு அப்புறம் தினமும் போட்டுக்கறேன்.”

“அங்க என்ன ரகசியம்?” வக்கீல் மை பாட்டிலை மேசையில் ணங்கென்று வைத்தார். “முப்பது வருஷமா கோர்ட்டுக்குப் போறேன். வீட்டுலயும் சரி, ரயில்லயும் சரி, நான் மை நிரப்பி ஒரு சொட்டு வெளிய விழுந்து பார்த்தேன்னு எவனாவது சாட்சி சொல்லட்டும், கோட்டைக் கழட்டி வச்சுடறேன். எனக்கு வர்ற மாப்பிள்ளையும் அப்படித்தான் இருக்கணும். ஓடுற ரயில்ல நிரப்பிக் காட்டுங்க. சிந்துச்சு, கல்யாணம் கேன்சல்.”

“ரயில் எங்க சார்?”

“நீங்க உட்கார்ந்திருக்கிறதுதான்.”

வக்கீல் விரலைச் சொடுக்கினார். மகள் நாற்காலியின் ஒரு பக்கத்தையும் அவள் அம்மா மறுபக்கத்தையும் பிடித்துக் குலுக்கத் தொடங்கினார்கள். “வளைவு வருது!” என்று குரல் கொடுத்தார் வக்கீல். அம்மா பழகின கையால் நாற்காலியை ஒருக்களித்தார்.

டாக்டர் ஆடியபடியே பையைத் திறந்தார். கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் கவர் ஒன்றை மடியில் வைத்து, பேனா, மை பாட்டில், கை எல்லாவற்றையும் அதற்குள் விட்டுக்கொண்டார். பிறகு முனை மழுங்கின சிரிஞ்ச் ஒன்றை எடுத்தார். மையை உறிஞ்சினார், நிமிர்த்தித் தட்டினார், காற்றை வெளியேற்றினார். பேனாவைக் கழற்றி உள்குழாயில் மெதுவாக இறக்கினார். மூடினார். நிப்பைத் துடைத்தார்.

“ஸ்டேஷன் வந்துருச்சு சார்.”

வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே இருந்தது. மகளுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. வக்கீலுக்கு முகம் சுண்டிவிட்டது.

“ஆட்சேபணை! பேனாவுக்கு என்ன காய்ச்சலா, ஊசி போடறீங்க? மடியில கவர் வேற. பேனா என்ன பஸ்ல வாந்தி எடுக்கிற குழந்தையா? பாட்டிலுக்குள்ள நிப்பை முக்கணும், திருகணும், உறிஞ்சணும். அதுக்குப் பேர்தான் மை நிரப்புறது!”

“ஆனா ஒண்ணும் சிந்தலையே சார்.”

“சிந்தாம இருக்கிறது முக்கியமில்ல. எப்படிச் சிந்தலைங்கிறதுதான் முக்கியம். இப்ப என்னைப் பாருங்க.”

ரயில் சோபாவுக்கு மாறியது. வக்கீல் எப்போதும் முதல் வகுப்புதானாம். வண்டி கிளம்புவதற்கு முன்பே பூனை இறங்கிக்கொண்டது. மகள் டாக்டரின் சட்டையைப் பிடித்து அறையின் கோடிக்கே இழுத்துப் போனாள். அம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை எட்ட நீட்டி சோபாவைக் குலுக்கினார்.

பாட்டில் களக் களக் என்றது. எங்கோ சொட், சொட் என்று கேட்டது. சமையலறையில் குழாயை மூடவில்லை போலிருக்கிறது என்று டாக்டர் நினைத்தார்.

“பாருங்க!” வக்கீல் எழுந்து கைகளை விரித்தார். “சட்டையில தெரியுதா? சோபாவுல? கார்ப்பெட்ல?”

டாக்டர் சுற்றிவந்து குனிந்து பார்த்தார். சொத்தைப் பல்லைத் தேடிப் பழகின கண். அதற்கே ஒரு புள்ளிகூட அகப்படவில்லை.

“வழக்கு தள்ளுபடி” என்றார் வக்கீல்.

மகளின் கண் கலங்கியது. டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். செருப்பு மாட்டும்போதுதான் சிரிஞ்சையும் கவரையும் விட்டுவிட்டது ஞாபகம் வந்து திரும்பினார்.

உள்ளே வக்கீல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மடியில் பிளாஸ்டிக் கவர். நாக்கைத் துருத்திக்கொண்டு, தன் இன்னொரு பேனாவுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்.

“சார்?”

வக்கீல் திரும்பவில்லை. தொண்டையை மட்டும் செருமிக்கொண்டார். “நாளைக்கு ரயில்ல எனக்கு எதிர் சீட்டுல ஜட்ஜ் வர்றார்.” சிரிஞ்சை நிமிர்த்தித் தட்டினார். “காத்தை எப்படி வெளிய விடணும், மாப்பிள்ளை?”

மகள் சமையலறைக்குள் ஓடி ஒளிந்துகொண்டாள். டாக்டர் உட்கார்ந்து காற்றை வெளியேற்றக் கற்றுக்கொடுத்தார். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. வக்கீலின் மனைவியிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“ஒண்ணே ஒண்ணுதான் ஆன்ட்டி புரியல. அவ்வளவு குலுக்கல்லயும் சார் ஒரு சொட்டுகூட சிந்தலையே. அப்புறம் அவருக்கு எதுக்கு ஊசி?”

அந்த அம்மா குனிந்து பூனையைத் தூக்கிக்கொண்டார்.

“வாங்கும்போது சோபா வெள்ளை, மாப்பிள்ளை. பூனையும்தான்.”