பேக்கிங்குக்கு ஒரு ஆள்

"முடியாதுங்க சார்" என்றேன்.

சூப்பர்வைசர் சத்தியசீலன் சார் கையெழுத்து வாங்கப் பேனாவைக்கூட நீட்டிவிட்டிருந்தார். நீட்டிய கை அப்படியே நின்றது.

"நல்லாக் கேட்டுக்கங்க லோகப்பிரியா. பேக்கிங் செக்‌ஷன். பகல் ஷிப்ட் மட்டும். மாசம் மூவாயிரம் சேத்தி வரும். வேண்டாங்கறீங்களா?"

எனக்கா கேட்கவில்லை? மூவாயிரம் என்று அவர் முதல் தடவை சொன்னபோதே மனசுக்குள் வாடகைக் கணக்குப் போட்டுவிட்டேன்.

நேற்றுக் காலையில்தான் வீட்டு ஓனர் பாலுசாமி அண்ணன் வாசலில் வந்து நின்றார். "ஏனுங்க அம்மணி, வர்ற மாசத்துலருந்து வாடகை ரெண்டாயிரம் சேத்திக் குடுத்துருங்க. முடியலைன்னா வேற ஊடு பாத்துக்கங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க."

மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. வெளியே போ என்பதைக்கூட எங்கள் ஊரில் காபி குடிச்சீங்களா என்று கேட்கிற மாதிரிதான் சொல்வார்கள்.

துடியலூரில் இப்போது கொடுக்கிற வாடகைக்கு இன்னொரு வீடு கிடைக்காது. மேட்டுப்பாளையம் ரோட்டில் எங்கே விசாரித்தாலும், அட்வான்ஸ் தொகையைக் கேட்டதும் என் கணவர் சரவணன் போனை வைத்துவிடுகிறார். பட்டறையில் அவருக்கும் பாதி நாள்தான் வேலை. நாங்கள் இருவர், பாப்பா, மாமியார். எங்கே போய் நிற்பது?

கும்பிட்டு வாங்க வேண்டிய வேலை. என் வாயாலேயே வேண்டாம் என்றுவிட்டேன்.

"லைன்லயே இருந்துக்கறேனுங்க சார். எனக்கு சால்டரிங் பழகிப்போச்சுங்க."

பச்சைப் பொய். அந்தப் புகையில் எனக்கு இருமல் நின்றதே இல்லை.

சார் பேனாவை மூடினார். "சம்பளம் பத்தலைன்னு சொல்றதும் நீங்கதான். குடுத்தா வேண்டாங்கறதும் நீங்கதான். என்னமோ போங்க."

அவர்மேல் தப்பில்லை. அவர் கழுத்தில் இருப்பது கம்பெனி அடையாள அட்டை. அதை யாரும் அடகுக்குக் கேட்க மாட்டார்கள்.

சர்க்யூட் போர்டுக்கு ஈயம் வைக்கிற எங்கள் லைனில் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. பட்டால் போர்டு போய்விடும். வளையல், மோதிரம், கம்மல், எதுவும் கேட்டைத் தாண்டாது. தாலிக்கொடியும்தான். கல்யாணமானவர்கள் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிப் போட்டுக்கொண்டு வருவோம்.

பேக்கிங்கில் அந்தத் தொல்லை கிடையாது. வெறும் அட்டைப்பெட்டியும் டேப்பும். அது என் மாமியார் நாச்சியம்மாளுக்கும் தெரியும். பக்கத்து வீட்டு இஸ்மத் அங்கேதான் வேலை செய்கிறாள். கழுத்தில் சங்கிலியோடு எங்கள் வாசல் வழியாகத்தான் தினமும் போகிறாள்.

"ஏங்கண்ணு, கம்பெனிலதான் கொடி போடக் கூடாது. ஊட்டுல போட்டுக்கலாமல்லோ?" என்று மாமியார் கேட்காத வாரம் இல்லை.

"தெனமும் கழட்டி மாட்டுனா அறுந்துபோயிருமுங்க அத்தை. பொள்ளாச்சியில எங்கம்மா ஊட்டுப் பீரோவுல பத்திரமா இருக்குதுங்க."

பீரோவாவது மண்ணாவது. பாப்பாவின் பள்ளிக்கூட ஃபீஸும் இந்த வீட்டு அட்வான்ஸும் ஒன்றாக வந்தபோது அதை அடகு வைத்தோம். வட்டி கட்ட முடியவில்லை. ஆடி மாதம் ஏலத்தில் போய்விட்டது. எனக்கும் சரவணனுக்கும் மட்டும்தான் தெரியும்.

தன் கழுத்துச் சங்கிலியை அழித்து எனக்கு அந்தக் கொடியைச் செய்து போட்டவர் அத்தை. இன்றைக்கும் அவர் கழுத்து வெறும் கழுத்துதான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவரிடம் சொல்வேன்? கம்பெனியின் அந்த ஒரு விதிதான் இத்தனை நாளும் என் மானத்தைக் காப்பாற்றுகிறது. பேக்கிங்குக்குப் போனால் முதல் நாள் காலையிலேயே கேட்டுவிடுவார், "இனி போட்டுக்கலாமல்லோ கண்ணு?" என்று.

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். மணிக்கட்டில், உடம்பு மின்சாரத்தை இறக்குகிற பட்டையை மாட்டி, அதன் ஒயரை மேஜையில் செருகினேன்.

அடுத்ததாக ரூத் அக்காவைக் கூப்பிட்டார்கள்.

அக்காவின் மகன் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறான். வீட்டில் கஞ்சி குடித்து அவனுக்குப் பணம் அனுப்புகிறவர். கண்டிப்பாகக் கையெழுத்துப் போடுவார். எனக்கு வயிறெரிந்தது. என் மூவாயிரம் இப்படி அடுத்த மேஜைக்குப் போகிறதே என்று இருந்தது.

போன வேகத்தில் அக்கா திரும்பி வந்தார்.

"என்னாச்சுங்க அக்கா?"

"வேண்டாம்னு சொல்லிப்போட்டேன் கண்ணு." பட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு சால்டரிங் பழகிப்போச்சு."

நான் அவர் கழுத்தைப் பார்த்தேன். என்னுடையது மாதிரியே, அழுக்கேறிய மஞ்சள் கயிறு.

அப்புறம் ரெபேக்காவைக் கூப்பிட்டார்கள். ரெபேக்கா திரும்பி வந்தாள். அவளுக்கு அடுத்த மேஜைக்காரி போனாள். அவளும் திரும்பி வந்தாள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு போர்டில் ஈயம் வைத்துக்கொண்டிருந்தோம்.

டீ மணி அடிக்கிற நேரத்தில் ஒருத்தி கையெழுத்துப் போட்டுவிட்டு, சிரித்த முகமாக வெளியே வந்தாள்.

நந்திதா. போன மாதம் சேர்ந்தவள். எங்கள் லைனில் கல்யாணம் ஆகாதவள் அவள் ஒருத்திதான்.