செவலைக்கு ஆகாத கறி

கறிக்கடை வாசலில் செவலை என்றொரு பெண் நாய் இருந்தது. ஒருநாள் புதருக்குள் புகுந்து வந்தபோது அதன் காதில் உண்ணி கடித்தது. அதிலிருந்து, காலையில் ஆட்டுக்கறி தின்றால் மத்தியானம் உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி, மூச்சு முட்டியது. கோழியும் மீனும் மட்டும் ஒன்றும் செய்யவில்லை.

"போன தடவையே பிழைத்தது பெரிசு. இனி ஆட்டுக்கறியைத் தொடாதே, அக்கா," என்றது அதன் தோழி காக்கை.

"கடித்த உண்ணி அன்றைக்கே செத்துப்போச்சு. என் வாயை இப்படிக் கட்டிவிட்டுப் போச்சே," என்று புலம்பியது செவலை.

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் கொழுப்போடு ஒரு துண்டை வீசினார். செவலை ஓடிப்போய் அதன்மேல் மூக்கை வைத்தது. எச்சில் ஒழுகியது. வாயும் திறந்துவிட்டது.

"அக்கா!" என்று கத்தியது காக்கை.

செவலை மெல்லப் பின்வாங்கியது. "நீயே தின்னு. வேற நாய் வராம நான் பார்த்துக்கறேன்."

வந்த நாய்களை உறுமி விரட்டிவிட்டு, காக்கையின் எதிரே வந்து படுத்தது.

"எப்படி இருக்கு?"

காக்கைக்குப் பாவமாக இருந்தது. "கிழட்டு ஆடு, அக்கா. சப்புனு இருக்கு. நீ தின்னாததே நல்லது."

"பொய் சொல்லாதேடி. உள்ளதைச் சொல்லு."

காக்கை தலை குனிந்தது. "இளசு. கொழுப்பு அப்படியே கரையுது."

செவலை கண்ணை மூடி எச்சிலை விழுங்கியது.

"மெதுவாத் தின்னு," என்றது.