புல்லுக்குத் தண்ணி

"கஸ்தூரி, உன் மருமவளுக்குக் கிறுக்கு புடிச்சிருக்குதா இன்னா?"

பொன்னேரி பஸ்ஸிலிருந்து காலி மீன்கூடையோடு இறங்கிய கஸ்தூரியம்மாளை, பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் வழியிலேயே மடக்கினாள்.

"ஏன்டி, இன்னா செஞ்சா?"

"லாரித் தண்ணியக் குடத்தோட கொண்டாந்து, உங்க வூட்டுப் பக்கத்துல வெறும் மண்ணுல ஊத்துறா. என் கண்ணால பார்த்தேன். செடியா, கொடியா, அங்க இன்னா இருக்குது? புல்லும் நெருஞ்சியும்தான்!"

கஸ்தூரியம்மாள் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வீட்டுக்கு நடையை எட்டிப் போட்டாள். இருட்டோடு எழுந்து, ஏரிக்கரையில் மீன் ஏலம் எடுத்து, மார்க்கெட்டில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வருகிறவள். இந்தக் குப்பத்தில் எங்கே தோண்டினாலும் உப்புதான். நல்ல தண்ணி லாரியில் வந்தால் உண்டு, அதற்கும் குடத்தோடு குடம் இடித்துச் சண்டை. அதைக் கொண்டுபோய்ப் புல்லுக்கு ஊற்றுகிறாளாமே!

வீட்டுக்கு வந்தால் அதைவிடக் கொடுமை.

போன மழைக்காலத்தில் வாதம் வந்து வலது கை விழுந்துபோன அவள் புருஷன் சிங்காரம், மண்ணில் குந்திப் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் வேர்வை. மருமகள் திவ்யா வாசற்படியில் நின்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"மாமா, சுவரோரம் பொடிப் புல்லை விட்டுட்டீங்க. கருவாடு காயவெக்கிற எடம். ஒண்ணொண்ணா பிடுங்குங்க."

கஸ்தூரியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடையைத் தொப்பென்று போட்டாள்.

"ஏந்திருய்யா மேல! ஏன்டி, கை விழுந்த மனுசன் இன்னா உன் வூட்டுக் கூலியாளா?"

"விடுடி" என்றார் சிங்காரம். "சும்மா குந்திகினு நான் இன்னா பண்ணப்போறேன்?" சுவரைப் பிடித்து எழுந்து, கால் கழுவப் பின்பக்கம் போனார்.

"லாரித் தண்ணிய மண்ணுல ஊத்தினியாமே?"

"ஆமா அத்தே, ஊத்தினேன்."

"எதுக்கு?"

திவ்யா பின்பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். கீழே கிடந்த கூடையை எடுத்து ஓரமாக வைத்தாள்.

திமிரைப் பாரு! அப்பன் ஸ்தானத்தில் இருக்கிறவரை வெயிலில் போட்டு வதைப்பாளாம், அதற்கென்றே புல்லும் வளர்ப்பாளாம். உடம்பில் பலம் இருந்திருந்தால் கஸ்தூரியம்மாள் தெருவையே கூட்டியிருப்பாள். இன்றைக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

புல்லுக்கு வைத்தியம் குப்பத்தில் எல்லா வீட்டுக்கும் தெரியும். கருவாட்டுக்கு மீன் ஊறவைத்த உப்புத் தண்ணியை வீட்டைச் சுற்றி ஊற்றிவிட்டால் போதும், பிறகு அந்த மண்ணில் ஒன்றும் தலைகாட்டாது. அந்தத் தொட்டியை இழுத்து வந்தாள் கஸ்தூரியம்மாள்.

"இன்னியோட முடிஞ்சுது. அந்த மனுசன் இனிமேலாவது நிம்மதியா குந்தட்டும்."

"வேணாம் அத்தே! உங்க காலைப் புடிச்சுக்கறேன், ஊத்தாதீங்க!" திவ்யா தொட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி இது கூத்து?"

திவ்யா குரலைத் தாழ்த்தினாள்.

"விரலுக்கு வேலை குடுத்துகினே இருக்கணும்னு டாக்டர் சொன்னாரு. அமுக்கறதுக்குப் பந்து குடுத்தேன். 'நான் இன்னா கொழந்தையா'னு கடாசிட்டாரு. வலை பொத்துற ஊசியைக் குடுத்தேன். அது கையில நிக்கலனு மூஞ்சை மூடிகினு அழுதாரு. இதுக்கு மட்டும்தான் கோவிச்சுக்கல. வூட்டு வேலைனு நெனச்சு அந்தக் கையாலயே செய்றாரு."

"அதுக்கு?"

"பெரிய புல்லெல்லாம் பிடுங்கி முடிச்சிட்டாரு. பொடிப் புல்லு இருந்தாத்தானே நுனி விரல் மடங்கும்? இந்த உப்பு மண்ணுல அது சீக்கிரம் முளைக்கல. அதான் ஊத்தினேன். யாரு பங்குலயும் கை வெக்கல அத்தே, எனக்குக் குளிக்க வெச்ச தண்ணிதான். நான் போர்வெல் உப்புத் தண்ணியில குளிச்சுக்கறேன்."

கஸ்தூரியம்மாள் தொட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

"இன்னிக்கு மாமா சட்டைக்கு யாரு பட்டன் போட்டாங்கனு பார்த்தீங்களா அத்தே?"

தினமும் போட்டுவிடுகிறவள் கஸ்தூரியம்மாள்தான். இன்று பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் மறந்து ஓடிவிட்டிருந்தாள்.

"அவரேவா?" என்றாள்.

"அவரேதான். வலது கையால."

கஸ்தூரியம்மாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கை அவ்வளவுதான் என்று அவள் எப்போதோ மனதுக்குள் அழுது முடித்திருந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி, பாவி?"

"சொன்னா இதோ, இப்படி அழுவீங்க. மாமா கண்டுபுடிச்சிடுவாரு. அப்புறம் புல்லையும் தொட மாட்டாரு."

பின்பக்கமிருந்து சிங்காரம் காலை இழுத்து இழுத்து வந்தார். தொட்டியைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது.

"உப்புத் தண்ணி ஊத்தப் போறியா? ஊத்து, ஊத்து. எனக்கு இன்னா, அந்த வேலையும் இல்லாம பூடும்."

கஸ்தூரியம்மாள் முந்தானையால் மூஞ்சியை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இடுப்பில் கை வைத்து, கட்டிப்போன தொண்டையால் தெருவுக்கே கேட்கக் கத்தினாள்.

"ஏன்யா, மூணு வேளையும் வக்கணையா துன்றியே, இந்தப் புல்லைப் பிடுங்க உனக்கு வலிக்குதா? நாளைக்கு நான் வர்றதுக்குள்ள இங்க ஒண்ணு இருந்தாலும் உனக்குச் சோறு கிடையாது, ஆமா!"