இரண்டு தட்டு

அவன் தலையசைத்தான். வண்டி நகர்ந்தது.

அவள் இன்னும் ஏறவில்லை.

பையின் மழை உறை காற்றில் பறந்து சாலையோரப் புல்லில் விழுந்திருந்தது. அதை எடுக்கத்தான் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவனுடைய ஹெல்மெட் ஒருமுறை தாழ்ந்து உயர்வதைக் கண்டாள்.

அதற்குச் சற்று முன்பு பின்னிருக்கை அழுந்தியதையும் கண்டாள்.

ஓர் ஆள் ஏறி உட்கார்ந்தால் அழுந்துகிற அளவுக்கு.

கூப்பிட்டாள். திருப்பம் வண்டியை மறைத்தது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் மலையில் இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

ஐப்பசி. சவ்வாது மலையின் பின்பக்கச் சாலை. அறுப்புக்குக் காத்திருந்த சாமைக் கதிர்கள் இருபுறமும் தலைகுனிந்து நின்றன. வானம் காலையிலிருந்தே மூடிக்கிடந்தது. மழை மட்டும் வரவில்லை. கைபேசியில் சிக்னல் இல்லை.

போய்விட்டான்.

அவள் பயந்தது இந்த ஒன்றுக்குத்தான்.

சென்ற ஆண்டு இதே மாதம், வேறொரு மலையில், கொட்டும் மழையில், ஒரு பள்ளம் அவளைப் பின்னிருக்கையிலிருந்து தூக்கி எறிந்தது. அவனுக்குத் தெரியவில்லை. அடுத்த ஊர்வரை அவளிடம் பேசிக்கொண்டே போயிருக்கிறான்.

நீ பதில் சொன்னதாகத்தான் நினைத்தேன் என்று மருத்துவமனையில் அழுதான்.

தோளில் முறிந்த காறையெலும்பு இரண்டு மாதத்தில் கூடிவிட்டது. மீண்டும் அவன் பின்னால் உட்கார்ந்து வெளியூர் கிளம்ப ஓராண்டு ஆனது.

அந்த ஓராண்டில் அவன்தான் இந்த வழக்கத்தை உண்டாக்கினான். ஏறி உட்கார்ந்ததும் அவள் அவனுடைய இடது தோளில் இருமுறை தட்ட வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் அப்படியே. அவன் தலையசைப்பான். தட்டு விழாமல் வண்டி கிளம்பாது. தட்டு விழாத திருப்பத்தில் நின்றுவிடும்.

வீட்டு வாசலிலிருந்து கடைத்தெருவரை பழகிப் பார்த்தார்கள். பால் பாக்கெட் போடுகிறவர் கதவைத் தட்டுவதுபோல இருக்கிறது என்று அவளுடைய தங்கை கேலி செய்தாள். அவன் சிரிக்கவில்லை. அந்தச் சிரிக்காத முகத்தை நம்பித்தான் அவள் இந்தப் பயணத்துக்கு ஒப்புக்கொண்டாள்.

ஆனாலும், காலையில் ஆலங்காயத்து டீக்கடையில், தெளிவாகவே சொல்லியிருந்தாள்.

"இன்னொரு வாட்டி என்னை விட்டுட்டுப் போனா, திரும்பி வராத."

அவன் கிளாசைக் கீழே வைத்துவிட்டு இடது தோளைத் தொட்டுக் காட்டினான். அவ்வளவுதான் அவனுடைய பதில்.

மைல்கல்லின் மேல் உட்கார்ந்தாள். மழை உறையை மடித்தாள். பிரித்தாள். மீண்டும் மடித்தாள். மாலையில் ஒரு பேருந்து இந்த வழியாகக் கீழே இறங்கும் என்று டீக்கடையில் சொல்லியிருந்தார்கள். அதற்காகவே காத்திருப்பதாகத் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

இருக்கை அழுந்தியதைப் பற்றி நினைக்கவில்லை. காற்றாக இருக்கலாம்.

காற்று இருக்கையை அழுத்துமா என்பதைப் பற்றியும் நினைக்கவில்லை.

முதலில் வந்தது சத்தம். பிறகு வண்டி. மிக மெதுவாக.

அவன் உட்காராமல், மிதியில் கால் ஊன்றி நின்றபடியே ஓட்டிவந்தான். பள்ளத்தின் விளிம்பையும் ஒவ்வொரு புதரையும் எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான். எதைத் தேடுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

அவளைக் கண்டதும் வண்டி தள்ளாடி நின்றது.

"எங்க விழுந்த?"

விழவில்லை என்றாள். இறங்கிய இடத்திலேயே இருப்பதாகச் சொன்னாள். மழை உறையைக் காட்டினாள்.

அவன் அதை வெகுநேரம் பார்த்தான். அருவி தெரிகிற மேட்டில் வண்டியை நிறுத்தி, பார் என்று சொல்லித் திரும்பியதாகவும் பின்னால் யாரும் இல்லையென்றும் துண்டுதுண்டாகச் சொன்னான். அதுவரை எட்டோ ஒன்பதோ திருப்பங்கள்.

"எல்லாத் திருப்பத்துலயும் தட்டினியே."

பொய் சொல்லும்போது அவன் அவளுடைய முகத்தைப் பார்க்கமாட்டான். இப்போது பார்த்தான்.

தன்னையறியாமல் அவன் கை இடது தோளுக்குப் போனது. அந்த இடத்தில் மட்டும் சட்டை நனைந்திருந்தது.

மேலே எங்கோ பேருந்தின் ஹாரன் கேட்டது.

அவன் ஏறு என்று சொல்லவில்லை. அழைக்கும் உரிமை தனக்கு இல்லை என்பதுபோல முன்னால் திரும்பி உட்கார்ந்து, இரண்டு கால்களையும் தரையில் ஊன்றிக்கொண்டான்.

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினாள்.

தட்டுவதற்குக் கையைத் தூக்கினாள்.

பாதியில் நிறுத்தினாள்.

அவன் அவளை மறந்துவிட்டுப் போனானா, இல்லையா? அதை அறிய அவளுக்கு ஒரே வழிதான் இருந்தது. வண்டி நிற்க வேண்டும். அவள் தட்டும்வரை, எவ்வளவு நேரமானாலும், அப்படியே நிற்க வேண்டும். நின்றால் போதும். மற்றதையெல்லாம் மன்னித்துவிடுவாள்.

கைகளை மடியில் வைத்து விரல்களைக் கோத்துக்கொண்டாள்.

பேருந்து திருப்பத்தில் தெரிந்தது. அவர்களைக் கடந்து கீழே இறங்கியது. அதன் சத்தம் அடங்கியது.

வண்டி அப்படியே நின்றுகொண்டிருந்தது.

அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். விரல்கள் மடியில் கோத்தபடியே இருந்தன.

அவன் தலையசைத்தான்.