ஒரு ஆணாதிக்கவாதி தேவை

புரட்சி முடிந்து குளம் பொதுவுடைமை ஆகிவிட்டது. பாசியும் பொது, கொசுவும் பொது. ஆண் பெண் ஏற்றத்தாழ்வும் அடியோடு ஒழிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். குழுச் செயலாளர் ஆமை மட்டும் நம்பவில்லை.

"சாயங்காலத்துக்குள்ள ஒரு ஆணாதிக்கவாதியையாவது கண்டுபிடிங்க. இல்லைன்னா உங்க பொறுப்பு வேற ஆளுக்குப் போயிடும்" என்று தவளைத் தோழரை விரட்டினார்.

தவளைத் தோழர் நோட்டும் கையுமாக சுருளி, முத்து என்ற இரண்டு நத்தைகளின் வீட்டுக்குப் போனார்.

"சாயங்காலத்துக்குள்ள ஆமைத் தோழருக்கு ஒரு ஆணாதிக்கவாதி வேணுமாம். இங்க யாரு ஆம்பள?"

"ரெண்டு பேரும்தான் தோழர்" என்றது சுருளி.

"அப்போ பொம்பள?"

"அதுவும் ரெண்டு பேரும்தான்" என்றது முத்து. "நத்தைங்க பொறப்பே அப்படி."

தவளைத் தோழருக்குத் தலை சுற்றியது. "சரி, முட்டை போடுறது?"

"போன வாரம் நானும் போட்டேன், சுருளியும் போட்டுச்சு."

"பாத்திரம் கழுவுறது?"

"கடைசியா சாப்பிட்டு முடிக்கிறவங்க. அதனால ரெண்டு பேரும் வேகமா சாப்பிடத்தான் பாக்கறோம். எங்க முடியுது!"

நோட்டில் ஒரு வரிகூட ஏறவில்லை. பசி வேறு. தவளைத் தோழர் தூக்குச்சட்டியைத் திறந்தார். கொசு வறுவல் கமகமத்தது.

"உங்க வீட்டுல இதெல்லாம் யாரு பாத்துக்கறாங்க தோழர்?" என்றது சுருளி.

தவளைத் தோழர் நெஞ்சை நிமிர்த்தினார். "எங்க வீட்டுல அந்தப் பிரச்சினையே கிடையாது. எல்லாத்தையும் அவளே பாத்துக்கறா."

சுருளியும் முத்துவும் ஆமை வீட்டுப் பக்கம் ஊர ஆரம்பித்தன. சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டுமே.