வினிகர் குடித்தவள்

கணவன் கழற்றிப் போட்ட சட்டையை யூலான் மூன்றாவது முறையாக முகர்ந்து பார்த்தாள். வினிகர் வாசனை துளிகூட இல்லை. அவளுக்கு வயிறு எரிந்தது.

சிங்ஷூ ஊருக்குப் போய் வந்தவன் சட்டை மணக்காமல் இருக்குமா? அங்கே வீட்டுக்கு வீடு வினிகர் ஜாடிதான். ஊருக்குள் ஒரு மணி நேரம் நின்றால் போதும், இரண்டு நாளைக்கு வாடை விடாது. அப்படியென்றால் அந்த மெங்ஷியா சட்டையைத் துவைத்து, அடுப்போரம் காயவைத்து, போட்டுவிட்டும் அனுப்பியிருக்கிறாள். பெண்டாட்டி செய்கிற வேலையெல்லாம் அங்கேயே நடக்கிறது.

தையுவான் நகரத்தில் யூலானும் பாவோசெங்கும் நடத்தும் நூடுல்ஸ் கடைக்கு வினிகர் தயாரித்துத் தருகிறவள்தான் மெங்ஷியா. கணவனை இழந்தவள், முப்பத்தைந்து வயது, பார்க்க லட்சணமாக இருப்பாள். சரக்கை ருசி பார்த்துத்தான் எடுக்கவேண்டும் என்று சொல்லி, வியாழன்தோறும் காலையில் பஸ் ஏறுவான் பாவோசெங். இருட்டும் நேரத்தில் கையை வீசிக்கொண்டு திரும்புவான். ஜாடிகள் மறுநாள் லாரியில் வந்து இறங்கும்.

கடைக்குப் பெயரே 'வினிகர் குடித்தவள்'. பெயர்க் காரணம் கேட்கிறவர்களுக்கு யூலான்தான் கதை சொல்வாள். அந்தக் காலத்தில் ஒரு சக்கரவர்த்தி தன் மந்திரிக்கு இரண்டு அழகிகளைப் பரிசாக அனுப்பினாராம். மந்திரியின் மனைவி வாசலிலேயே மறித்துவிட்டாள். அவர்களை உள்ளே விடு, இல்லையென்றால் இந்த விஷத்தைக் குடி என்று சக்கரவர்த்தி ஒரு கிண்ணத்தை நீட்டினார். அவள் யோசிக்கவே இல்லை, மடமடவென்று குடித்துவிட்டாள். உள்ளே இருந்தது வெறும் வினிகர். அன்றிலிருந்து, பொறாமையில் புழுங்குகிற பெண்ணை வினிகர் குடிக்கிறாள் என்றுதான் அந்தப் பக்கம் கேலி பேசுவார்கள்.

"நானா இருந்தாலும் குடிச்சிருப்பேன்" என்று முடிப்பாள் யூலான். பாவோசெங் கல்லாவில் உட்கார்ந்தபடி சிரித்துக்கொள்வான்.

அடுத்த வியாழன் அவன் கிளம்பிய ஒரு மணி நேரத்தில், கடையைச் சமையல்காரரிடம் விட்டுவிட்டு அவளும் பஸ் ஏறினாள். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடவேண்டும்.

மெங்ஷியா முற்றத்தில், வினிகர் கெட்டிப்படுவதற்காக, ஜாடிகளில் உறைந்திருந்த பனிக்கட்டியை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தாள். குளிரில் விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன. யூலானைப் பார்த்ததும் நீ யார் என்று கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வரச் சொன்னாள்.

யூலானின் கண் கட்டிலுக்குக் கீழே, கதவுக்குப் பின்னால் என்று துழாவியது. அடுப்போரம் தூசி படிந்த ஒரு ஜோடி ஆண் செருப்பு கிடந்தது. பாவோசெங்கின் கால் அளவு. பிறகு என்ன சாட்சி வேண்டும்?

மேசைமேல் ருசி பார்க்கும் கிண்ணங்கள் இருந்தன. யூலான் ஒன்றை இழுத்து, பக்கத்து ஜாடியைச் சரித்துக் கருகருவென்று வழிய வழிய ஊற்றினாள்.

"இத விஷம்னு நெனச்சுத்தான் குடிக்கிறேன். நான் உயிரோட இருக்கறவரைக்கும் அவரப் பங்கு போட விடமாட்டேன். எங்க ஒளிச்சு வெச்சிருக்க? வெளிய வரச் சொல்லு, அவரும் பாக்கட்டும்."

ஒரே மூச்சில் குடித்தாள். தொண்டை எரிந்தது, கண்ணில் நீர் முட்டியது. காலிக் கிண்ணத்தை மேசையில் ஓங்கி வைத்தாள்.

மெங்ஷியா அடுப்போரம் கிடந்த செருப்பைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இன்னொரு கிண்ணத்தை எடுத்து யூலான் முன்னால் நகர்த்தினாள்.

"எனக்கும் ஒரு கிண்ணம் ஊத்துங்கக்கா. அவரு இங்க வந்து எட்டு மாசமாச்சு."